கூலி வாங்கியவருக்கு எதற்கு அஞ்சலி?

2025 பிப்ரவரி 9, ஞாயிறு காலை. இந்திரா நகர் வாசகர் ஒருவரின் கேள்வி

நம் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் போன வாரம் காலமான ஒரு கட்டட மேஸ்திரிக்கு அஞ்சலிக் கூட்டம் என்று சுவரொட்டி பார்த்தேன். "கொடை வள்ளல்", "ஏழைகளுக்கு வீடு தந்தவர்" என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். விசாரித்தேன். யாருக்கும் அவர் இலவசமாக வீடு கட்டித் தந்ததாகத் தெரியவில்லை. கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்தவர். என் வீட்டைக் கட்டிய மேஸ்திரியும் பணம் வாங்கினார், வேலை செய்தார், போய்விட்டார். தொழிலையே தொண்டு என்று சொல்லிவிட்டால், உண்மையில் தொண்டு செய்கிறவர்களை என்னவென்று அழைப்பது? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பிப்ரவரி 9, இரவு. வாசகி ஒருவரின் பதில்

கூலி வாங்கினார். அதில் சந்தேகமே வேண்டாம். அவருடைய பட்டுவாடா நோட்டைப் பள்ளிக்கூட நாட்களிலிருந்து எழுதியவள் நான். மேஸ்திரிக்கு எண்கள் தெரியும், எழுத்து அவ்வளவாக வராது. சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ஏதாவது ஒரு கட்டடத்தின் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து அவர் பெயரும் தொகையும் சொல்ல, நான் எழுதுவேன். அவர் பெயர் அந்தப் பட்டியலில் எப்போதும் கடைசியில் வரும். எல்லோருக்கும் கொடுத்தபின் மிஞ்சியது அவருக்கு. பல வாரங்கள் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும்.

"கொடை வள்ளல்" என்ற பட்டத்தை அவரே ஏற்றிருக்க மாட்டார். சுவரொட்டி ஒட்டிய பையன்கள் அவரிடம் பூச்சுக் கரண்டி பிடிக்கக் கற்றவர்கள். துக்கத்தில் கைக்குக் கிடைத்த சொல்லைப் போட்டிருக்கிறார்கள். அதை விட்டுவிடுங்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் அம்மா அவரிடம் சித்தாளாகச் சேர்ந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பெங்களூர் வந்து, கட்டுகிற வீட்டின் ஓரத்திலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கி, மணலும் ஜல்லியும் சுமந்த ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருவர். இந்தத் தொழிலில் ஆண் ஒருவன் கையாளாக வந்தால் ஐந்தாறு வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுவான். பெண் சித்தாளாக வந்தால் முதுகு வளையும்வரை சித்தாள்தான். கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பது கொத்தனாரைவிட அவளுக்குத் தெரியும், ஏனென்றால் குழைப்பவள் அவள்தான். ஆனாலும் சுவரின் பக்கத்தில் கரண்டியோடு அவளை யாரும் நிறுத்த மாட்டார்கள்.

மேஸ்திரி நிறுத்தினார். ஒரு நாள் கொத்தனார் ஒருவர் வரவில்லை. "நீ பூசு, தங்கச்சி. கெட்டுப்போனால் உரித்துவிட்டு நான் பூசுகிறேன்" என்றார். குளியலறையின் உள்சுவர்தான் முதல் சுவர். எப்படியும் ஓடு ஒட்டி மறையப்போகிற சுவர். அடுத்து மாடிப்படியின் அடிப்பக்கம், பிறகு அறைகள். மூன்றாவது வருடம் அம்மா கூரையின் உட்புறம் பூசினார். தலைக்குமேல் கையை நீட்டி, கலவை முகத்தில் சிந்தச் சிந்தப் பூசுகிற அந்த வேலையைப் பல கொத்தனார்களே தட்டிக் கழிப்பார்கள். அந்த வாரச் சனிக்கிழமை மேஸ்திரி அம்மாவின் பெயருக்கு நேராகக் கொத்தனார் கூலியைச் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "எழுது" என்றார். இரண்டு கொத்தனார்கள் அன்றே வேலையை விட்டுப் போனார்கள். அவர் தடுக்கவில்லை.

அந்தக் கூலியில்தான் நான் பி.காம். படித்தேன். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இந்திரா நகர் நண்பர் சொல்லட்டும்.

பிப்ரவரி 10

கேள்வி கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார்: "நல்ல முதலாளி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்." நியாயமான பேச்சு. ஆனால் மேஸ்திரி முதலாளி இல்லை. முதல் போட்டவர் வீட்டுக்காரர். மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி ஒப்பந்தம் பேசி, ஆள் கூட்டி வந்து வேலை முடித்துக் கொடுப்பவர். ஆள் விழுந்தால் அவர் பொறுப்பு, வீட்டுக்காரர் பணத்தை இழுத்தடித்தால் அவர் கடன். லாபம் என்று கையில் நிற்பது மிகக் குறைவு. அந்தக் குறைவிலிருந்து எடுத்துக் கொடுத்தவரைப் பற்றிப் பேசுகிறோம்.

பிப்ரவரி 12

வீடு கட்டுவதில் எங்கே ஏமாற்ற முடியும் என்று தெரிந்தால்தான் அவர் என்ன கொடுத்தார் என்பது புரியும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கான்கிரீட்டுக்குச் சிமெண்ட், மணல், ஜல்லி எல்லாம் ஓர் அளவில் சேர வேண்டும். சட்டியால் அள்ளிப் போட்டால் ஆளுக்கு ஆள் அளவு மாறும். மேஸ்திரி மரத்தில் ஓர் அளவுப் பெட்டி வைத்திருந்தார். ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சிமெண்டின் கொள்ளளவு ஏறத்தாழ 35 லிட்டர். பெட்டியும் அதே அளவு. கூரைத் தளத்துக்கு ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. தண்ணீர்தான் பெரிய சண்டை. தண்ணீர் கூடினால் கலவை வழுக்கிக்கொண்டு ஓடும், ஆட்களுக்கு வேலை சுலபம், தளத்தின் பலம் குறையும். மூட்டைக்கு 25 லிட்டருக்குமேல் ஊற்றினால் அவர் மிக்சரை நிறுத்திவிடுவார். மோல்டு, அதாவது கூரைத் தளம், போடும் நாளில் இருபது பேர் கைகட்டி நிற்க, அவர் வாளியை எண்ணிக்கொண்டிருப்பார்.

அடுத்தது முட்டு. தளம் போட்டபின் அடியில் தாங்கி நிற்கும் பலகைகளையும் முட்டுகளையும் எப்போது பிரிப்பது? ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதிப்படி, தளத்தைத் தாங்கும் சுவர்களுக்கு இடையே நாலரை மீட்டருக்கு உட்பட்ட இடைவெளி என்றால் 7 நாள், அதற்குமேல் 14 நாள். இவர் 21 நாள் விடுவார். சென்ட்ரிங் பொருட்கள் எனப்படும் இந்தப் பலகை, முட்டுகளுக்கு நாள் வாடகை. அந்தக் கூடுதல் வாடகை வீட்டுக்காரர் கணக்கில் ஏறாது என்பதற்கு நான் எழுதிய நோட்டே சாட்சி.

பிறகு தண்ணீர் கட்டுவது. தளத்தின்மேல் சிறு சிறு பாத்திகள் கட்டி நீர் தேக்கி வைப்பார்கள். சாதாரண சிமெண்டுக்கு 7 நாளாவது, சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளாவது ஈரம் காயக் கூடாது. தளத்துக்குப் பரவாயில்லை, வீட்டுக்காரர் மாடியேறிப் பார்த்துவிடுவார். சுவருக்கும் தூணுக்கும் யார் பார்ப்பார்கள்? தூண்களில் சாக்கு சுற்றி, காலையும் மாலையும் நனைக்க ஒரு தாத்தாவைச் சம்பளம் போட்டு வைத்திருந்தார். அவரால் வேறு வேலை செய்ய முடியாது. மூச்சிரைப்பு. கல் உடைக்கும் கிரஷரில் பல வருடம் தூசி தின்ற நுரையீரல். தூணுக்கும் ஈரம் கிடைத்தது, தாத்தாவுக்கும் சனிக்கிழமை தோறும் கையில் பணம் வந்தது.

மற்ற மேஸ்திரிகள் இதை அறியாதவர்கள் இல்லை. நேரமும் பணமும் மிச்சமாகும் என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்காரருக்கு விரிசல் தெரிய ஐந்து வருடம் ஆகும். அதற்குள் மேஸ்திரியின் தொலைபேசி எண்ணே மாறியிருக்கும். இவருடைய எண் கடைசிவரை மாறவில்லை.

பிப்ரவரி 13

கம்மனஹள்ளியிலிருந்து ஒருவர், "இதெல்லாம் ஒரு தொழிலாளியின் கடமைதானே" என்று எழுதியிருக்கிறார். கடமைதான். தாத்தாவுக்குச் சம்பளம் கொடுத்ததும் கடமையா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 15, சனிக்கிழமை

இன்று சனிக்கிழமை, பட்டுவாடா நாள் என்பதால் தொழிலாளர் அட்டை விஷயத்தை எழுதத் தோன்றுகிறது.

1996-இல் மத்திய அரசு கட்டடத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரியாக எடுத்து, அதைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும். கர்நாடகத்தில் இதற்கான நல வாரியம் 2007-இல் வந்தது. 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 90 நாளாவது கட்டட வேலை செய்திருக்க வேண்டும். வாரியத்தின் அட்டை கிடைத்தால் ஓய்வூதியம், பிரசவ உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, இறந்தால் குடும்பத்துக்குத் தொகை எல்லாம் உண்டு.

அட்டை வாங்குவது எளிதல்ல. 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று போகிறவருக்கு யார் எழுதித் தருவார்கள்? மேஸ்திரி தன்னிடம் வேலை செய்தவர்களுக்கு மட்டும் இல்லாமல், மற்ற மேஸ்திரிகளிடம் இருந்தவர்களுக்கும் அலைந்து சான்று வாங்கிக் கொடுத்தார். படிவம் நிரப்புவது என் வேலை. அவர் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் வரிசை தெருமுனை வரை போகும். தமிழர், கன்னடர், ராய்ச்சூர், கலபுரகியிலிருந்து வந்தவர்கள், பீகார்ப் பையன்கள். "எதற்கு அண்ணா இந்த அட்டை, நாளைக்கு ஊருக்குப் போகப்போகிறேன்" என்பவரையும் விடமாட்டார். ஒரு பீகார்ப் பையனைப் பின்தொடர்ந்து டீக்கடை வரை போய்க் கைரேகை வாங்கியதை நானே பார்த்தேன். அந்தப் பையன் இப்போதும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. வேலை நின்றது. கர்நாடக அரசு பதிவு செய்த கட்டடத் தொழிலாளர்களின் வங்கிக் கணக்கில் முதலில் 2,000 ரூபாயும், மே மாதம் அறிவித்த மேலும் 3,000 ரூபாயும் போட்டது. யாருக்கு? அட்டை வைத்திருந்தவர்களுக்கு. எங்கள் தெருவில் அந்த 5,000 ரூபாய் நுழைந்த வீடுகளில் பெரும்பாலானவை அந்தத் திண்ணையைக் கடந்து போனவை.

அட்டை இல்லாதவர்களையும் அவர் விடவில்லை. பாதி கட்டியிருந்த ஒரு வீட்டில் வடநாட்டுத் தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். மே முதல் வாரத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான ரயில்களை மாநில அரசு ஒருமுறை நிறுத்தச் சொல்லி, எதிர்ப்புக் கிளம்பியதும் மறுபடி இயக்க ஒப்புக்கொண்டதே, நினைவிருக்கிறதா? அந்த நாட்களில் அவர்களுக்கு அரிசியும் பருப்பும் போனது இவருடைய வீட்டிலிருந்து. கோதுமை மாவு கிடைக்கவில்லை என்று அவர் பட்ட வருத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. "அவர்களுக்குச் சோறு இறங்காது தங்கச்சி, ரொட்டிதான் வேண்டும்" என்று மாவு தேடிச் சைக்கிளில் அலைந்தார். அப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது.

பிப்ரவரி 16

"நம்மூர் லாரி பேக்கர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அன்பில் சொன்னது. ஆனால் இரண்டு பேரையும் குழப்ப வேண்டாம். பேக்கர் 1917-இல் பர்மிங்காமில் பிறந்த கட்டடக் கலைஞர். இந்தியாவுக்கு வந்து தொழுநோயாளிகளுக்கான மருத்துவ இல்லங்களில் தொடங்கி, பின்னர் திருவனந்தபுரத்தில் குறைந்த செலவு வீடுகளை வடிவமைத்தவர். 2007-இல் அங்கேயே காலமானார். செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையை அவர் பரப்பினார். அதில் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சம்.

மேஸ்திரிக்கு அந்தக் கட்டு தெரியும். ஒரு பெண் ஆர்க்கிடெக்ட்டிடம் கற்றுக்கொண்டு ஒரு சுற்றுச்சுவரை அப்படி எழுப்பினார். பிடித்திருந்தது. ஆனால் எங்கள் தெருக்களில் இருபது அடிக்கு முப்பது அடி மனையில் கட்டும் வீடுகளுக்கு அதைக் கொண்டுவர வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லை. "சுவருக்குள் பொந்தா?" என்று பயந்தார்கள். அவரும் வற்புறுத்தவில்லை. அவருடைய திறமை புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதில் இல்லை. எல்லோரும் செய்கிற வீட்டை, செய்ய வேண்டிய முறையில் செய்வதில் இருந்தது.

பிப்ரவரி 19

நேற்று மேஸ்திரியின் மனைவியைப் பார்க்கப் போனேன். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கே நடக்கும் பேச்சை அவருடைய மகள் படித்துக் காட்டியிருக்கிறாள். அவர் சொன்னதை இங்கே எழுதச் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

"எல்லாம் சரிதான் அம்மா. அவர் ஊருக்குக் கொடுத்தது என் கழுத்திலிருந்து கழற்றியது. அதையும் எழுது."

தாலிக்கொடி தவிர எல்லாம் அடகுக் கடைக்குப் போய் வந்தவை. சில போனவை திரும்பவில்லை. வீட்டுக்காரர் பணம் தராத வாரங்களில் பட்டுவாடா நிற்கக் கூடாது என்று இவர் நகையை வாங்கிக்கொண்டு போவார். மூத்த மகனை இன்ஜினியரிங் சேர்க்கக் கட்டணம் இல்லாமல் ஒரு வருடம் வீணானது. அதே மாதம் சாரத்திலிருந்து விழுந்த ஒருவரின் காலுக்குத் தகடு வைக்க இவர் பணம் கட்டினார். மகன் அப்பாவிடம் ஏறத்தாழ ஒரு வருடம் பேசவில்லை. ஊருக்கு வீடு கட்டியவர் தன் வீட்டுக்குக் கடைசிவரை மாடி எடுக்கவில்லை. அக்கா அதைச் சொல்லும்போது கோபமாகத்தான் சொன்னார். அழவில்லை.

நான் இதுவரை எழுதியதெல்லாம் கொடுத்தவரைப் பற்றி. கொடுக்கப்பட்டது யாருடையது என்பதை அக்கா சொன்னபின்தான் முழுக்கணக்கு கிடைக்கிறது. அஞ்சலிக் கூட்டத்தில் ஒரு நாற்காலி போடுவதானால் அது அக்காவுக்கு. மேடையில், நடுவில். "அன்னாரின் துணைவியார்" என்று பின்வரிசையில் உட்கார வைக்கக் கூடாது.

பிப்ரவரி 20

மகன் எழுதியிருக்கிறார். இப்போது ஹோசூரில் வேலையில் இருக்கிறார். நாலே வரி. அந்தக் கால் உடைந்தவர்தான் தனக்கு மறுவருடக் கட்டணத்தின் முதல் பகுதியைக் கொண்டுவந்து கொடுத்தார் என்கிறார். இது எனக்குத் தெரியாது. நோட்டில் இல்லாத கணக்கு.

பிப்ரவரி 23

அல்சூர்ப் பெரியவர் ஒருவர் 1991-ஐ நினைவுபடுத்தியிருக்கிறார். அதைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் தமிழ் மேஸ்திரியின் வாழ்க்கையை அந்த டிசம்பரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு ஜூன் மாதமே வந்துவிட்டது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் இங்கே தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. அதிகம் அடிபட்டவர்கள் கொட்டகைகளில் இருந்த கூலித் தொழிலாளர்கள். பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். மேஸ்திரியின் ஆட்கள் அப்போது ஒரு கன்னடக் குடும்பத்துக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டம்மா எல்லோரையும் தன் பழைய வீட்டுக்குள் அழைத்து, கதவைப் பூட்டி, வாசலில் தானே உட்கார்ந்திருக்கிறார். கேட்டு வந்தவர்களிடம் "இது என் வீட்டு ஆட்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அம்மா சொல்லக் கேட்டது. நான் அப்போது கைக்குழந்தை.

கலவரம் ஓய்ந்தபின் எரிந்த கொட்டகைகளை மறுபடி எழுப்ப மேஸ்திரி போனார். கூலி இல்லை. அதில் தமிழர் கொட்டகை மட்டும் இருக்கவில்லை. நெருப்புப் பரவிப் பக்கத்திலிருந்த வடகர்நாடகத் தொழிலாளர்களின் கொட்டகைகளும் போயிருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் தகரம் வெட்டினார் என்று அம்மா சொல்வார். அந்த வீட்டம்மாவின் குடும்பத்துக்குக் கடைசிவரை எந்தப் பழுது என்றாலும் இவரே போய்விடுவார். அந்த வீட்டிலிருந்து எவ்வளவு கொடுத்தாலும் நோட்டில் அதற்குப் பக்கம் கிடையாது. கல்பள்ளி மயானத்தில் மேஸ்திரிக்குக் கடைசிக் காரியம் நடந்தபோது அந்த அம்மாவின் பேரன் தோள் கொடுத்தான்.

இந்திரா நகர் நண்பரே, இலவசமாக எதையும் கட்டவில்லை என்று உங்களுக்குச் சொன்னவர் யார் என்று தெரியவில்லை.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார். "தொழில், தொண்டு என்று நான் போட்ட கோடு இவருக்கு ஒத்துவரவில்லை என்று புரிகிறது. ஆனால் சுவரொட்டியில் இதையெல்லாம் அல்லவா எழுதியிருக்க வேண்டும்?" முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அவர் கேட்டிருக்காவிட்டால் இதையெல்லாம் யாரும் எழுதியிருக்க மாட்டோம்.

இப்போது நினைவுச்சின்னம் பற்றி. தெருமுனையில் வளைவு, பெரிய பேனர், மார்பளவு சிலை என்று மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. சிலை என்றதும் எனக்கு நம் அல்சூர் ஏரிக்கரைதான் கண்ணில் நிற்கிறது. 1991-இல் வைத்த திருவள்ளுவர் சிலை மூடியபடியே பதினெட்டு வருடம் நின்று 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. அன்று நானும் அம்மாவும் கூட்டத்தில் நின்றோம், மேஸ்திரி குழந்தைகளைத் தோளில் மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டினார். வள்ளுவருக்கே இந்த ஊரில் அவ்வளவு பாடு. அனுமதி, இடம், சண்டை என்று நாம் போக வேண்டாம். அவருக்கும் பிடிக்காது.

என் யோசனை வேறு. எங்கள் பக்கத்து அரசுப் பள்ளிக்கு அவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவார். கரண்டி, ரசமட்டம், மீதமான அரை மூட்டை சிமெண்ட். பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவுத் தாழ்ப்பாள்தான் அவர் முதலில் பார்ப்பது. "தாழ்ப்பாள் இல்லையென்றால் பெண் பிள்ளை பள்ளிக்கு வராது" என்பார். பிறகு குழாயடி, படிக்கட்டு விளிம்பு, மதில். அவர் படுத்தபின் யாரும் போகவில்லை. கூட்டத்துக்கு ஆகும் செலவை அங்கே போடுவோம்.

மார்ச் 6

வெயில் ஏறிவிட்டதால் ஒரு விஷயம். போன வருடம் மார்ச்சில் பெங்களூர் தண்ணீருக்குத் தவித்தபோது எங்கள் தெருவில் சில வீடுகள் மட்டும் டேங்கர் லாரிக்காக வாளியோடு நிற்கவில்லை, கவனித்தீர்களா?

2009-இல் வந்த விதிப்படி, 1,200 சதுர அடி அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு மழைநீர்ச் சேமிப்பு கட்டாயம். எங்கள் மனைகள் 600 சதுர அடி. கட்டாயம் இல்லை. மேஸ்திரி எல்லாவற்றுக்கும் போட்டார். இந்த ஊரில் வருடத்துக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டர் போல மழை. 600 சதுர அடிக் கூரையில் விழுவது மட்டும் ஐம்பதாயிரம் லிட்டருக்குமேல். முதல் மழையின் அழுக்கை வெளியே விட ஒரு குழாய், ஜல்லியும் மணலும் கரியும் போட்ட வடிகட்டித் தொட்டி, பிறகு சம்ப் என்ற நிலத்தடித் தொட்டி. மிச்சம் ஆழ்துளைக் கிணற்றின் பக்கத்துக் குழிக்குப் போய் நிலத்தில் இறங்கும். இதற்குத் தனிக் கூலி பேச மாட்டார். குழாய் வாங்கிக் கொடுத்தால் போதும்.

வீட்டை அவரிடம் கட்டியவர்கள் வடிகட்டித் தொட்டியை மழைக்கு முன்னால் கழுவுங்கள். பலர் அப்படி ஒன்று இருப்பதையே மறந்து மேலே பூந்தொட்டி வைத்திருக்கிறீர்கள். நான் பார்த்தேன்.

மார்ச் 9

அக்காவிடமிருந்து ஒரு செய்தி, இது முக்கியம். அவருடைய கடைசிக் கட்டடத்தின் வீட்டுக்காரர் இன்னும் முடிவுத் தொகை தரவில்லை. மேஸ்திரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆட்களே பூச்சு வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று வாரக் கூலி நிற்கிறது. வீட்டுக்காரர், "பேச்சு மேஸ்திரியோடு. அவர் இல்லை. யாரிடம் கொடுப்பது?" என்கிறாராம்.

ஒப்பந்தம் வாய்ப்பேச்சுதான். ஆனால் வேலை அளவும், முன்பணம் வாங்கிய தேதிகளும் நோட்டில் இருக்கின்றன. கடைசிப் பக்கங்கள் என் கையெழுத்து. நாளை அக்காவோடும் மகனோடும் நான் அங்கே போகிறேன். தொழிலாளர் சட்டம் தெரிந்தவர்கள் யாராவது கூட வந்தால் நல்லது.

மார்ச் 10, இரவு

போனோம். கூட வந்தவர் யார் தெரியுமா? கேள்வி கேட்ட அந்த இந்திரா நகர் வாசகர். ஓய்வு பெற்ற வழக்கறிஞராம். நோட்டை வரி வரியாகப் படித்தார். வீட்டுக்காரரிடம் சத்தம் போடவில்லை. "இந்தத் தேதியில் இவ்வளவு கொடுத்தீர்கள், சரியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொல்லி வந்த வீட்டுக்காரரால் கடைசித் தொகைக்கு மட்டும் "இல்லை" என்று சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

திரும்பி வரும் வழியில் வழக்கறிஞர் என்னிடம் அந்தக் கோடு போட்ட இடங்களைக் காட்டி, "இவை என்ன?" என்றார். மேஸ்திரியின் கூலி என்றேன்.

மார்ச் 15, சனிக்கிழமை

பணம் வந்துவிட்டது. மாலை ஐந்தரைக்கு அக்கா திண்ணையில் உட்கார்ந்து பட்டுவாடா செய்தார். நான் எழுதினேன். எல்லோருக்கும் கொடுத்தபின் மிஞ்சியதைக் கடைசி வரியில் அக்கா தன் பெயரில் எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன். தொகை போட்டு.

அஞ்சலிக் கூட்டம் வேண்டாம் என்பது அக்காவின் முடிவு. பள்ளி வேலைக்கு மட்டும் சம்மதம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வருகிறார். பூச்சு கற்றுக்கொள்ள விரும்பும் சித்தாள் பெண்கள் யாராக இருந்தாலும் அழைத்து வாருங்கள், படிக்கட்டின் அடிப்பக்கத்தில் அம்மா சொல்லித் தருவார்.

மார்ச் 23, ஞாயிறு, காலை எட்டு மணி. சிமெண்ட் நான்கு மூட்டை வந்துவிட்டது, எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்) சனிக்கிழமை இறங்கும். தாழ்ப்பாள்களை நான் கடையிலிருந்து கொண்டுவருகிறேன். துளைபோடும் மிஷின் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். தண்ணீருக்கு டிரம் இரண்டு வேண்டும்.